வேகாத ஏடும் விஜயகுமாரியும்

திருநள்ளாறு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏழரை, எள் தீபம், தலை நிறைய நல்லெண்ணெயோடு நள தீர்த்தத்தில் இறங்கும் கூட்டம், முழுகிவிட்டுப் படியிலேயே விட்டுப் போன ஈரத் துணிகள். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்கு நானும் அங்கேதான் இருந்தேன். பரிகாரத்துக்கு அல்ல, அத்தை வீட்டுக்கு. காரைக்காலிலிருந்து மேற்கே 5 கிலோமீட்டர். என் பள்ளிக்கூட லீவு எல்லாம் கழிந்தது அங்கேதான். அதனால் எனக்குத் திருநள்ளாறு என்றதும் சனீஸ்வரனுக்கு முன்னால் ஞாபகம் வருவது பாட்டு.

முதலில், சினிமாப் பாட்டு இல்லாத ஒரு பாட்டு.

மதுரையில் பாண்டியன் சபை. ஞானசம்பந்தருக்கும் சமணர்களுக்கும் வாதம். இரண்டு பேரும் தங்கள் தங்கள் ஏட்டை நெருப்பில் போட வேண்டும், யாருடையது வேகவில்லையோ அவர் கட்சி ஜெயித்தது. சம்பந்தர் கையில் கட்டுக் கட்டாகப் பதிகம் இருக்கிறது. எதைப் போடுவது? நானாக இருந்தால் உட்கார்ந்து லிஸ்ட் போட்டிருப்பேன். அவர் கட்டை அவிழ்த்தார், கைக்கு எது வந்ததோ அதை எடுத்தார். வந்தது திருநள்ளாற்றுப் பதிகம். நெருப்பில் போட்டார்கள், பச்சையாகவே இருந்தது. அதனால் அதற்குப் பச்சைப் பதிகம் என்றே பெயர். அடுத்து ஆற்றுப் பரீட்சை. அவர் ஏடு வைகையில் எதிர்நீச்சல் போட்டுத் திருவேடகத்தில் கரை ஏறியது. இது பெரியபுராணம் சொல்கிற கதை. சமணர்கள் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நான் படித்தது பி.காம். பிழைப்பது சினிமா பற்றி எழுதி. எனக்கு இந்த நெருப்புப் பரீட்சை ரொம்பப் பிடிக்கும். சினிமாப் பாட்டுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. படத்தைக் கொளுத்திவிடுங்கள். ஹீரோ, ஹீரோயின், ஊட்டி, ஸ்விட்சர்லாந்து எல்லாம் போய்விட்டது. பாட்டு மிச்சம் இருக்கிறதா?

கொளுத்துவது என்பதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. 1950களின் ஆரம்பம் வரை சினிமா எடுத்தது நைட்ரேட் பிலிமில். கொஞ்சம் சூடு போதும், பற்றிக்கொள்ளும். 2003 ஜனவரியில் புனேயில் நம் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்து ஏராளமான பழைய படங்கள் சாம்பலாயின. தீயில் போகாதது ஈரத்தில் போயிற்று. வெள்ளி எடுக்கிறேன் என்று பிரிண்ட்டை உருக்கியவர்களும் உண்டு. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் ரிலீஸ் ஆனது. திருவையாற்று டி.பி. ராஜலட்சுமி நடித்தது. இன்று அதற்கு ஒரு பிரிண்ட்கூட இருப்பதாகத் தகவல் இல்லை.

அந்தக் 'காளிதாஸ்' படத்தில் காந்தியின் ராட்டையைப் புகழ்ந்து ஒரு பாட்டு இருந்தது! எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். மகாகவி காளிதாசனுக்கும் கதர் ராட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். ஆக, நம் ஊரில் படம் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போவது முதல் படத்திலேயே ஆரம்பித்துவிட்டது. இதை இளையராஜா மேலும் ரஹ்மான் மேலும் போட வேண்டாம்.

சரி, ஒரு சின்ன விளையாட்டு. இந்தப் பக்கத்தை ஒரு நிமிஷம் கீழே வையுங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த சினிமாப் பாட்டு எது? யோசிக்கக் கூடாது. யோசித்தால் மரியாதையான பாட்டாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். பேட்டிகளில் பிரபலங்கள் சொல்கிறார்களே, அந்த மாதிரி. கட்டை அவிழுங்கள், கைக்கு வருவதை எடுங்கள்.

எனக்கு வந்ததைச் சொல்கிறேன். 'மீண்டும் கோகிலா'வில் ராதையைக் கூப்பிடுகிற டூயட். எஸ்.பி.பி.யும் ஜானகியும். படம் 1981, இசை இளையராஜா. வீணையும் வெட்கமுமாக ஸ்ரீதேவி கமலைப் பெண் பார்க்க வைக்கும் இன்னொரு பாட்டு அதே படத்தில் உண்டு. நாலு பேர் முன்னால் கேட்டால் அதைத்தான் சொல்வேன், அது கௌரவமான விடை. ஆனால் கைக்கு வந்தது இது. நான் என்ன செய்வது?

இந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது திருநள்ளாற்றில், குழாயில். ஒலிபெருக்கி என்று எழுதினால் அந்த வயதுக்கு நியாயம் ஆகாது. வாழைமரம் கட்டிய வாசலில் தென்னை மரத்து உச்சியில் கட்டுவார்களே, அந்தக் குழாய். கீழே மைக்செட்காரர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பக்கம் ரெக்கார்டுகள், இன்னொரு பக்கம் புதிதாக வந்த கேசட்டுகள். அவரிடம் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் நாகூர் ஹனிபா. அது இந்து வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் சரி. காரைக்கால் பக்கம் அதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. அதற்கு அப்புறம்தான் சினிமா. 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் டி.எம்.எஸ்.ஸோடு ஹனிபா பாடியதைப் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அழகாகத் தாண்டுவார். இன்றைக்கு டிஜே என்று பணம் வாங்குகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

காரைக்காலில் திருநள்ளாறு ரோட்டில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. காலி கேசட்டும் ஒரு துண்டுக் காகிதமும் கொடுத்தால் நாலு நாள் கழித்துப் பாட்டு ஏற்றித் தருவார்கள். டிடிகே 60 என்றால் இந்தப் பக்கம் 30 நிமிஷம், அந்தப் பக்கம் 30 நிமிஷம். 13 பாட்டுக்கு மேல் போகாது. எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது? நான் எழுதிய முதல் விமர்சனம் அந்தத் துண்டுக் காகிதம்தான். பட்ஜெட் இருந்தால்தான் ரசனை தெரியும். இன்றைக்கு போனில் கோடிக்கணக்கில் பாட்டு. எதையும் வெட்ட வேண்டாம். அதனால் யாருக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் தெரிவதில்லை.

அந்த 13 பாட்டில் நான் படம் பார்த்திருந்தது மூன்றுக்கோ நாலுக்கோதான். 'மீண்டும் கோகிலா' பார்த்தது காலேஜ் வந்த பிறகு. மனைவி இருக்க ஒரு சினிமா நடிகையிடம் போய் வழிகிற வக்கீல் கதை. எனக்கு அதிர்ச்சி. பத்து வருஷமாக நான் ஏதோ பிருந்தாவனத்து விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த பாட்டு! ஒரு வாரம் கேட்காமல் இருந்தேன். எட்டாம் நாள் கேட்டேன். பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை. விமர்சகன் ஆனேன்.

விமர்சகன் ஆனதும் கட்சி மாறினேன். பாட்டு என்பது படத்தின் உறுப்பு, கதையில் அது எங்கே வருகிறது, யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்பது தெரியாமல் ரசிப்பது அரைகுறை ரசனை என்று எழுத ஆரம்பித்தேன். நன்றாகவே எழுதினேன் என்றுதான் நினைக்கிறேன். அதன் பலனைத் திருநள்ளாற்றில் அனுபவித்தேன்.

அத்தை மகள் கல்யாணம், 2010. பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் வரும்போது மைக்செட்டில் அந்தப் பாட்டு. எது என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. மணப்பெண்ணை மருமகளாக வீட்டுக்குள் கூப்பிடுகிற பாட்டு, அரை நூற்றாண்டாக எந்தக் கல்யாணத்திலும் தப்பித்தது இல்லை. 'சாரதா' படம், 1962. இசை கே.வி. மகாதேவன். எழுதியவர் பஞ்சு அருணாசலம். அப்போது கண்ணதாசனிடம் உதவியாளராக இருந்தார். 'அன்னக்கிளி'யில் இளையராஜாவைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கல்யாணத்துக்கு ஒரு பாட்டும் இசைக்கு ஒரு ராஜாவும் கொடுத்தவர் என்பதை யாராவது ஒரு மண்டபத்துச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை வீட்டு ஆட்களிடம் என் புலமையைக் காட்டினேன். "இது என்ன படம் தெரியுமா? கல்யாணமான கொஞ்ச நாளில் புருஷனுக்கு ஒரு விபத்து. தாம்பத்தியத்துக்கு லாயக்கில்லை என்று ஆகிவிடுகிறது. அவனே பெண்டாட்டிக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கப் பார்க்கிறான். அழுது அழுது முடியும். அதில் வருகிற பாட்டைப் போய்க் கல்யாணத்தில் போடுகிறார்கள் பாருங்கள்!" எஸ்.எஸ்.ஆர்., விஜயகுமாரி, கே.எஸ். கோபாலகிருஷ்ணன் டைரக்ட் செய்த முதல் படம் என்றெல்லாம் உபரித் தகவல் வேறு.

சொன்னது அத்தனையும் சரி. தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் பெரியம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிஷத்தில் மைக்செட்டில் பாட்டு நின்றது. நடுவில், பல்லவி முடிவதற்குள். "வேற ஏதாவது போடுங்க, இது வேணாமாம்" என்று யாரோ ஓடினார்கள். வாசலில் நின்ற பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தையும் பார்த்தாள். அந்தப் பாட்டைப் போடச் சொல்லி மைக்செட்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தவள் அவள்தான். அவளுடைய கல்யாணத்தில் அதே ஊரில் அதே பாட்டோடுதான் மாமா வீட்டு வாசலுக்குள் நுழைந்தாளாம். இது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. கட்டுச்சாதமெல்லாம் முடிந்து, பாத்திரம் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது நானே போய் ஆரம்பித்தேன். "அத்தை, அந்தப் படம் என்ன கதைன்னா..."

"தெரியும்டா. டி.வி.யில போட்டப்போ பாத்துட்டேன். அழுதுகூட இருக்கேன்."

"பாத்துட்டுமா போடச் சொன்னே?"

"பாத்தா என்ன? என் கல்யாணத்துல அந்தப் பாட்டுப் போட்டப்போ வாசப்படி தாண்டி உள்ள வந்தது நான்தானே? விஜயகுமாரியா?"

எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. இவ்வளவு வருஷம் கழித்தும் தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் 'அரைகுறை ரசனை' என்ற வார்த்தையை நான் எங்கேயும் எழுதியது கிடையாது. அவள் படத்தைப் பார்த்திருக்கிறாள், மதித்திருக்கிறாள், அழுதிருக்கிறாள். தன் பாட்டுக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நான் ஒரு பாட்டைப் படத்தோடு கட்டிவைக்கப் போய், ஒரு பெண் தன் மகளுக்குக் கொடுக்க வைத்திருந்ததைப் பாதியில் நிறுத்தினேன். பி.காம். பாஷையில் சொன்னால், வரவு வைக்க வேண்டியதைப் பற்றில் எழுதிவிட்டேன்.

இப்படிச் சொன்னதால் படம் வேண்டாம், பாட்டே போதும் என்று கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது குழாய்க் கட்சி. அதில் சேர்ந்தால் நஷ்டப்படுவது சில பெரிய பாட்டுகள்.

திருநள்ளாற்றிலிருந்து தெற்கே நாகப்பட்டினம் போகிற வழியைத் தாண்டினால் சிக்கல். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) சண்முகசுந்தரத்தின் ஊர். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடர், ஏ.பி. நாகராஜன் படம். அதில் கையில் கத்திக்குத்து பட்டுப் பிழைத்து வந்திருக்கிற சிவாஜியை, சபை நடுவே ஆடிக்கொண்டே பத்மினி நலம் விசாரிக்கிற பாட்டு. சுசீலா. நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இதைக் குழாயில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். நல்ல பாட்டு என்று மட்டும்தான் தோன்றியது. படத்தில் பார்த்தபோதுதான் நடப்பது என்ன என்று தெரிந்தது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இரண்டு பேர் மட்டும் ரகசியமாகப் பேசிக்கொள்கிறார்கள். அவள் கேட்கக் கூடாததைக் கேட்கிறாள், கலை என்ற சாக்கில். அவன் வாயைத் திறக்க முடியாது, வாயில் சீவாளி இருக்கிறது. கண்ணும் நாதஸ்வரமும்தான் பதில் சொல்ல வேண்டும். ரெக்கார்டில் நாதஸ்வரம் பக்கவாத்தியம். படத்தில் அது பதில். பாலையா பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்து ஒரு பார்வை பார்க்கிறாரே, அந்தப் பார்வையை எந்த ரெக்கார்டு கம்பெனி பதிவு செய்யும்?

இந்தப் பாட்டிலிருந்து படத்தை எரித்தால் பாதி போய்விடும். அதற்காக இது மட்டமான பாட்டா? இல்லை. சினிமா என்ற கலைக்கு இதுதான் மேலான பாட்டு என்று வாதாட எனக்குத் தைரியம் உண்டு. பதிகத்துக்கு வைத்த பரீட்சையைச் சினிமாவுக்கு அப்படியே வைக்க முடியாது. சம்பந்தர் திருநள்ளாற்றில் கேமரா வைக்கவில்லை.

அதே ஏ.பி. நாகராஜன் ஐந்து வருஷம் கழித்து எடுத்த படம் 'காரைக்கால் அம்மையார்' (1973). என் அத்தை ஊர்க்காரர்களுக்கு இது சொந்தப் படம். ஆனி பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடத்துகிற ஊர், அந்த மாம்பழக் கதைதான் படமும். இளவயதுப் புனிதவதியாக லட்சுமி, பேயுரு வாங்கிய பிறகு கே.பி. சுந்தராம்பாள். இசை குன்னக்குடி வைத்தியநாதன். சுந்தராம்பாள் பாட, சிவகுமாரும் ஸ்ரீவித்யாவும் சிவ பார்வதியாக ஆடுகிற பாட்டு ஒன்று உண்டு. சுந்தராம்பாளுக்கு அப்போது 65 வயது. கண்ணை மூடிக் கேளுங்கள். மேல் ஸ்தாயியில் அவர் போய் நிற்கும்போது உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். கண்ணைத் திறந்தால் அட்டைக் கைலாயம், சாம்பிராணிப் புகை. இது தில்லானாவுக்கு நேர் எதிர் கேஸ். படத்தைக் கொளுத்தினால் பாட்டு இன்னும் நன்றாக இருக்கிறது!

ஏன் என்று யோசித்தேன். செட் செலவு பிரச்னை இல்லை. படத்துக்குப் பயம். அம்மையார் தன்னைப் பேய் என்றே பாடிக்கொண்டவர். வற்றிய உடம்பு, நரம்பு எழும்பிய மேனி, ஆலங்காட்டுச் சுடலை. சோழ நாட்டுச் சிற்பிக்கு அதில் கூச்சம் இருக்கவில்லை. எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு உட்கார்ந்து பாடுகிற அம்மையாரின் வெண்கலச் சிலை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது, கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. பார்த்தால் இரண்டு நாள் தூக்கம் வராது, அவ்வளவு அழகு. 1973-ல் நம் சினிமா திருநீறு பூசிய ஒரு கண்ணியமான பாட்டியைத்தான் காட்டத் துணிந்தது. பேயைக் காட்ட வேண்டிய வேலை முழுக்க சுந்தராம்பாளின் தொண்டை மேல் விழுந்தது. அது தாங்கியது.

சுந்தராம்பாளை வைத்து விமர்சகர்கள் ஏமாந்த கதை பழையது. 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அவருக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம், ஆண் வேஷம். மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரரான கல்கி எழுதிய விமர்சனத்தில் மனுஷர்களைவிடப் பனைமரத்துக்கும் எருமைக்கும்தான் நல்ல மார்க் கிடைத்தது. நடிப்பைப் பற்றி அவர் சொன்னது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ஜனங்கள் போனது நடிப்பைப் பார்க்க இல்லையே. நான் கல்கி இல்லை. ஆனால் 2010-ல் மண்டபத்தில் நான் பண்ணியது அதே காரியம்தான், அவருடைய நகைச்சுவை மட்டும் இல்லாமல்.

நளனை விட்டுவிட்டேனே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். திருநள்ளாற்றில் சனி விலகிய நளனை, 2003-ல் வந்த 'நள தமயந்தி' படத்தில் மௌலி மெல்போர்னுக்குச் சமையல்காரனாக அனுப்பினார். மாதவன். ரமேஷ் விநாயகம் இசை. சிரித்தேன், பாட்டு ஒன்றும் ஏட்டுக் கட்டில் ஏறவில்லை. மேலே போகலாம்.

இப்படி எழுதிக்கொண்டே போகும்போது எனக்கு இரண்டு லிஸ்ட் கிடைக்கிறது. ஒன்று, எனக்குப் பிடித்த பாட்டுகள். இதில் பாதிக்குப் படம் ஞாபகமில்லை, மீதியில் பாதிக்குப் படம் பிடிக்கவில்லை. 'சகலகலா வல்லவன்' (1982) புத்தாண்டுப் பாட்டு இதில் உண்டு. டிசம்பர் 31 ராத்திரி 12 மணிக்கு அதை எங்கேயாவது கேட்காவிட்டால் எனக்கு வருஷம் பிறப்பதில்லை. அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதியிருப்பதைப் படித்தால் நம்ப மாட்டீர்கள். இன்னொன்று, படத்துக்குள் வேலை செய்கிற பாட்டுகள். இதை நான் மதிக்கிறேன், மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன், ஆனால் குளிக்கும்போது பாடுவதில்லை. இரண்டு லிஸ்டிலும் இருக்கிற பாட்டு ஒரு கை விரல் அளவுதான். எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) பாட்டே இல்லாமல் வந்தது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இளையராஜாவின் ஆல்பத்திலிருந்து இசையை எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவிட்டது. இந்த இரண்டு படமும் என் முதல் பத்தில் உண்டு. ஆக, என் சினிமா ரசனையும் என் பாட்டு ரசனையும் ஒரே ஆளுக்குச் சொந்தமானதா என்றே சந்தேகம்.

முன்பு இந்த இரண்டு கணக்கையும் டேலி பண்ணப் பார்த்தேன். காமர்ஸ் புத்தி. இப்போது விட்டுவிட்டேன். இரண்டும் வேறு வேறு லெட்ஜர். உங்களிடம் ஒருவர் ஒரு பாட்டு பிடிக்கும் என்றால், எந்த லெட்ஜரிலிருந்து சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். டீக்கடையில் எம்.எஸ்.வி.யா ராஜாவா, ராஜாவா ரஹ்மானா என்று நடக்கிற சண்டைகளைச் சொல்கிறேன். முக்கால்வாசி பேர் தங்கள் வீட்டு வாசப்படிக்காகத்தான் சண்டை போடுகிறார்கள்.

எனக்கு இப்போது இருக்கிற ஒரே மனக்குறை ரீல்ஸ். அங்கே படத்தை மட்டுமா எரிக்கிறார்கள்? பாட்டையும் எரித்துவிட்டு நடுவிலிருந்து 20 செகண்டு எடுத்துக்கொள்கிறார்கள். சரணம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஒரு தலைமுறை வளர்கிறது. அத்தை பாட்டை முழுசாக வைத்துக்கொண்டாள். நான் அவளிடம் அதைக்கூட விட்டுவைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

2023 சனிப்பெயர்ச்சிக்குப் போனேன் என்றேனே, கூட்டம் வடிந்த பிறகு ஒரு ஓதுவாரோடு பேச வாய்த்தது. பச்சைப் பதிகம் என்ன பண் என்று கேட்டேன். பழந்தக்கராகம் என்றார். இப்போது எப்படிப் பாடுகிறீர்கள் என்றேன். சுத்த சாவேரி, ஆரபி என்று சொல்லி மெதுவாக இரண்டு வரி பாடிக் காட்டினார். காந்தாரமும் நிஷாதமும் இல்லாத அஞ்சே சுரம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியாதைக் குறைவாக நினைக்கப் போகிறாரே என்று அடக்கிக்கொண்டேன். 'மீண்டும் கோகிலா' டூயட் நிற்பதும் சுத்த சாவேரியில்தான். வழி தவறுகிற வக்கீலுக்கு இளையராஜா எடுத்துக் கொடுத்த அஞ்சு சுரமும் தேவாரப் பண்ணின் அஞ்சு சுரமும் ஒன்று. அன்றைக்கு நான் கட்டை அவிழ்த்தபோது கைக்கு வந்ததும் ஒரு வகையில் திருநள்ளாற்று ஏடுதானா? இதற்கு மேல் இழுத்தால் சனீஸ்வரன் சும்மா இருக்க மாட்டார். தற்செயல் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். அத்தை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடாமல் சொன்னேன். பதிகம், பழந்தக்கராகம், சுத்த சாவேரி, கமல், இளையராஜா.

"இதுல என்ன அதிசயம்?" என்றாள். "மைக்செட்காரர் ரெண்டையும் ஒரே குழாய்லதானே போட்டாரு."

முறத்தை என் பக்கம் தள்ளினாள். பாதி நானும் உரித்தேன்.